உயரத்துக்குப் பயந்த லிஃப்ட்

"இந்தப் பெட்டியில இருந்து எது வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஆனா கேட்டுட்டு எடுக்கணும். அவ்வளவுதான்."

"கேட்டா தருவீங்களா?"

"கேட்டா இல்லைன்னு சொல்லவே மாட்டேன்."

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்."

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பட்டாணிக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அம்மாவும் அவளும் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள் அது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அம்மா புதிதாகக் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் தன் பச்சைக் கருவிப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து ஒரு ஸ்பேனரைத் தொட்ட பட்டாணியிடம்தான் அப்படிச் சொன்னார்.

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'. அம்மாவுக்கு 'ஏங்க'. பட்டாணிக்கு அவர் யார்? அதுதான் இரண்டு வருஷமாகத் தீராத கேள்வி.

முதல் வாரத்தில் அம்மாவைப் பார்த்து அவளும், "ஏங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அன்றிலிருந்து பட்டாணி எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்து வந்தாள். அவர் திரும்ப வேண்டுமென்றால் இருமுவாள். மேசையைத் தட்டுவாள். ஒருமுறை, அவர் பக்கத்து அறையில் இருந்தபோது போனில் அழைத்தாள்.

"எதுக்கும்மா போன் பண்றே? நான் இங்கதானே இருக்கேன்?"

"சும்மா... சிக்னல் வருதான்னு பார்த்தேன்."

அவளுடைய அப்பா, அவள் தவழத் தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். அலமாரியில் அவர் படம் இருந்தது. சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள், முகம் நிறையச் சிரிப்பு. அந்தப் படத்தை மட்டும்தான் அவள் 'அப்பா' என்று சொல்லிப் பழகியிருந்தாள். ஆனால் கொஞ்ச நாளாக லிஃப்ட்காரரைப் பார்க்கும்போதும் அந்தச் சொல் தொண்டைவரை ஏறி வந்தது. வந்து அங்கேயே நிற்கும். பிறகு கதவு திறக்காமலே கீழே இறங்கிவிடும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தும்மலிடம்கூட.

தும்மல் அவளுடைய வகுப்புத் தோழன். கரும்பலகையைத் துடைத்தால் தும்முவான். பழைய புத்தகத்தைத் திறந்தால் தும்முவான். "தும்மாதே" என்று சொன்னாலும் தும்முவான். கணக்கில் மட்டும் புலி. பள்ளிக் கணினி மன்றத்தில் இருவருக்கும் ஒரே மேசை.

மன்றத்துப் பிள்ளைகள் சின்னச் சின்ன கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்து, சிறுவர்களுக்கான ஓர் இணையதளத்தில் போடுவார்கள். பட்டாணியும் தும்மலும் மூன்று மாதம் உழைத்து ஒன்று செய்திருந்தார்கள். அதன் பெயர், 'மேகப்பூனை: காணாமல்போன வால்'.

மேகப்பூனை அவர்கள் கற்பனையில் பிறந்ததல்ல. அது ஒரு பெரிய கம்பெனியின் விளையாட்டு. பள்ளியில் பாதிப் பேரின் பையில் அந்த நீலப் பூனை ஒட்டியிருக்கும். கம்பெனி மூன்று பாகம் வெளியிட்டுவிட்டு, நான்காவதை 'இதோ, அதோ' என்று இழுத்துக்கொண்டே இருந்தது.

"அவங்க செஞ்சா என்ன, நாம செஞ்சா என்ன? பூனை நம்ம பூனைதானே!" என்றாள் பட்டாணி.

பூனையின் படத்தை இணையத்திலிருந்து எடுத்தார்கள். 'மியா...டிங்' என்று அது குதிக்கும் ஓசையை, ஒரு போனில் விளையாடி இன்னொரு போனில் பதிவு செய்தார்கள். பாட்டையும் அப்படியே. கடைசித் திரையில் மறக்காமல் 'பூனைக்கு மிக்க நன்றி' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். நானூறு பேருக்கு மேல் அதை விளையாடியிருந்தார்கள். வரும் சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. அவர்கள் விளையாட்டுக்குத்தான் வாசல் பக்கத்துப் பெரிய திரை.

திங்கட்கிழமை மதியம் அதைத் திறந்தபோது பூனை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி மட்டும் இருந்தது.

'பதிப்புரிமை பெற்றவரின் புகாரால் இந்த விளையாட்டு நீக்கப்பட்டது.'

தும்மல் மூன்று முறை தும்மினான்.

கணினி மிஸ் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போலீஸ் வருமா மிஸ்?" என்றான் தும்மல், மூக்கைத் துடைத்தபடி.

"வராது. நீ முதல்ல கையைக் கழுவிட்டு வா."

"நாங்க யார்கிட்டயும் காசு வாங்கலையே மிஸ்!" என்றாள் பட்டாணி.

"வாங்கலதான். ஆனா பூனை அவங்களோடது. படம், ஓசை, பாட்டு எல்லாம் அவங்க உழைப்பு. எடுக்கச் சொல்லி தளத்துக்காரங்களைக் கேட்டிருக்காங்க, எடுத்துட்டாங்க."

"கடைசியில நன்றின்னு இவ்ளோ பெருசா போட்டோமே?"

மிஸ் கதவோரம் தொங்கிய தன் குடையைக் காட்டினார். "மழை நாள்ல நீ என் குடையைச் சொல்லாம எடுத்துட்டுப் போறே. 'மிஸ்ஸுக்கு மிக்க நன்றி'ன்னு அதுமேல எழுதியும் ஒட்டறே. நான் நனையாம வீட்டுக்குப் போயிடுவேனா?"

பட்டாணி குடையையே பார்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் மிஸ். "அந்தத் தளத்துல இருக்கறது பள்ளிக்கூடத்தோட கணக்கு. மறுபடி இப்படி ஒரு புகார் வந்தா கணக்கையே மூடிடுவோம்னு எழுதியிருக்காங்க. அப்ப மன்றத்துல இருக்கற எல்லாரோட விளையாட்டும் போயிடும்."

அடுத்த மேசையில் இருந்த மூன்று பேர், தங்கள் விளையாட்டில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை அவசர அவசரமாக அழித்தார்கள். பின்வரிசையில் ஒருவன், பிரபல மட்டைப்பந்து வீரர் ஒருவரின் முகத்தைத் துடைத்துவிட்டுப் பூசணிக்காய் வரைந்தான்.

பட்டாணியும் தும்மலும் கம்பெனிக்கே கடிதம் எழுதினார்கள். 'அன்புள்ள மேகப்பூனையின் சொந்தக்காரர்களுக்கு' என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம். அனுப்பி ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. இருவரும் துள்ளிக் குதித்தார்கள்.

'உங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம். முப்பது வேலை நாட்களுக்குள் பதில் அளிப்போம்.'

"மெஷின் போட்ட பதில்" என்றான் தும்மல். "சனிக்கிழமைக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. அஞ்சும் முப்பதும்..."

"அந்தக் கணக்கு எனக்கே தெரியும்."

செவ்வாய்க்கிழமை, பழைய விளையாட்டைத் தங்கள் கணினியில் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தும்மல் ஒரு தாளில் கோடு கிழித்தான்.

"எதெல்லாம் நம்மது இல்லையோ, ஒவ்வொண்ணா தூக்கிடுவோம். மிச்சம் என்ன இருக்குன்னு பார்ப்போம்."

"ஒண்ணும் இருக்காது."

"தூக்கிப் பார்த்தாத்தானே தெரியும்?"

பூனையை அழித்தார்கள். பட்டாணி கண்ணை மூடிக்கொண்டுதான் பட்டனை அழுத்தினாள். மேகங்கள் போயின. பாட்டு போனது. 'மியா...டிங்' போனது. திரையில் வெறும் வெள்ளை, அதில் பன்னிரண்டு மாடிக் கோடுகள். நடுவில், பூனை இருந்த இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம்.

பட்டாணி சும்மா அம்புக்குறியைத் தட்டினாள். சதுரம் குதித்தது.

இன்னொரு முறை தட்டினாள். சதுரம் மேலே போய், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, நடுநடுங்கி, பட்டென்று கீழே வந்தது. அது அவர்கள் மூன்று வாரமாகச் சரிசெய்ய முடியாமல் விட்ட கோளாறு. மேகங்கள் மறைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"குதிக்கிறது நம்ம செஞ்சதுதான்" என்றான் தும்மல் மெதுவாக. "பன்னிரண்டு மாடியும் நம்மது. புள்ளிக் கணக்கு என்னோடது. சாவி ஒளிச்சு வைக்கற இடமெல்லாம் உன்னோடது."

பட்டாணி சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போகிறது. நிற்கிறது. நடுங்குகிறது. இறங்குகிறது.

"டேய்! இது லிஃப்ட்டுடா!"

"எது?"

"இந்தச் சதுரம்! இதுக்கு உயரம்னா பயம். அதான் மேலே போனா நடுங்குது. பன்னிரண்டாவது மாடியில ஒரு குழந்தை மாட்டிக்கிச்சு. இது போய்த்தான் கூட்டிட்டு வரணும்!"

தும்மல் வாயைத் திறந்தான். சொல்ல வந்ததைத் தும்மல் தின்றுவிட்டது. கடைசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அடுத்த இரண்டு நாள் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. படம் வரையும் தும்மலின் அக்கா, லிஃப்ட்டுக்கு இரண்டு பெரிய கண்களும் பயந்த புருவமும் வரைந்து கொடுத்தாள். "என் பேரு போடணும், சொல்லிட்டேன்" என்று ஒரு நிபந்தனையோடு. கதவு மூடும் ஓசைக்குத் தகர டப்பாவின் மூடி. ஒன்பதாவது மாடி முழுக்கத் தூசி என்பதால், அங்கே போனால் லிஃப்ட் தும்மும். அதற்கு ஓசை தேட வேண்டிய வேலையே இல்லை.

பாட்டு மட்டும் இல்லை. வியாழக்கிழமை பட்டாணி தன் போனை எடுத்து வந்தாள்.

"இதைக் கேளு."

ம்ம்-ம்ம்... ஹூஊம். ம்ம்-ம்ம்... ஹூஊம். யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு முனகும் மெட்டு. மெதுவாகப் படியேறுவது போலவும், நடுவில் நின்று மூச்சு வாங்குவது போலவும் இருந்தது. விளையாட்டோடு சேர்த்துப் போட்டதும், லிஃப்ட் அந்த மெட்டுக்கே ஏறுவது போல ஆகிவிட்டது.

"அருமையா இருக்கே! யாரு இது?"

"எங்க வீட்டுல. லிஃப்ட்காரர். போன வாரம் சமையலறைக் குழாயைச் சரி பண்ணும்போது முனகினார். நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பிடிச்சிட்டேன்."

"கேட்டியா?"

"வீட்டு மனுஷர்கிட்ட என்னடா கேக்கிறது?"

தும்மல் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "பூனையையும் 'நம்ம பூனைதானே'ன்னுதான் சொன்னே."

பட்டாணிக்குச் சுருக்கென்றது.

"அதோட, அது ஏதாவது பழைய சினிமாப் பாட்டா இருந்தா?" என்றான் தும்மல். "அவர்கிட்ட கேட்டும் பிரயோஜனம் இல்ல. மறுபடி புகார் வரும். எல்லாரோட விளையாட்டும் போகும்."

மிஸ் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தார். நான்கு கட்டங்கள். 'பொருள். யாருடையது. உங்களுக்கு என்ன உறவு. கேட்டீர்களா.' போன வருஷம் ஒரு பையன் இணையத்தில் எடுத்த ஓசைக்கெல்லாம் 'தெரிந்தவர்' என்று எழுதிவிட்டானாம். அதனால்தான் மூன்றாவது கட்டம். இந்தப் படிவத்தில் இருப்பது அப்படியே விளையாட்டின் கடைசித் திரையில் வரும்.

தும்மல் வேகமாக நிரப்பினான். லிஃப்ட் படம், அக்காவுடையது, அக்கா, கேட்டோம். தும்மல் ஓசை, என்னுடையது, நானே, கேட்கத் தேவையில்லை.

"பாட்டு... லிஃப்ட்காரர்... உறவு என்ன போட?" பேனா மூன்றாவது கட்டத்தின் மேல் நின்றது.

பட்டாணி தாளைப் பிடுங்கினாள். "அதை நான் வீட்டுல போட்டுக்கறேன்."

அன்று மாலை அம்மா, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்தாள். நாள் முழுக்க ஊரார் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் தன் கண்ணாடியைத் துடைப்பாள்.

"அம்மா, அவர் எப்பவும் முனகறாரே, அது என்ன பாட்டு?"

"எவர்?"

"அவர்தான்."

"எனக்கு ஊருல நாலஞ்சு 'அவர்' தெரியும்."

"அம்மா!"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது. "எனக்குத் தெரியாதுடி. அவர்கிட்டயே கேளேன்."

பட்டாணி அலமாரிப் பக்கம் போனாள். படத்தில் இருந்த அப்பாவிடம் படிவத்தைக் காட்டினாள். மூன்றாவது கட்டத்தில் அவள் எழுத நினைத்த சொல், இத்தனை நாளும் அவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அவரிடமும் கேட்க வேண்டாமா? உதடு அசையாமல் கேட்டாள். வெகுநேரம் நின்று பார்த்தாள். அவர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். 'இல்லை' என்று சொல்லும் முகம் அப்படி இருக்காது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது, அவர்கள் குடியிருப்பின் லிஃப்ட் தரைத்தளத்தில் கதவு திறந்தபடி நின்றது. வாசலில் 'வேலை நடக்கிறது' என்ற மஞ்சள் பலகை. உள்ளே லிஃப்ட்காரர் முழங்காலிட்டு, பட்டன்களுக்குக் கீழே இருந்த தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பச்சைப் பெட்டி பக்கத்தில். வாயில் அதே முனகல்.

பட்டாணி படிக்கட்டில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். இருமினாள்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும்."

"கேளு." அவர் ஸ்பேனரை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

விளையாட்டின் ஓசைகளோடு சேர்த்த மெட்டைப் போனில் ஓடவிட்டாள். ம்ம்-ம்ம்... ஹூஊம்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரு இது? தொண்டை கட்டின காக்கா மாதிரி?"

"நீங்கதான்."

"நானா!" அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "நான் இப்படியா பாடறேன்? உங்கம்மா ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னாள். "போன வாரம் நீங்க குழாய் சரி பண்ணும்போது பிடிச்சேன். உங்ககிட்ட கேக்காம எடுத்துட்டேன். தப்புதான்."

"ஓ."

"இது எந்தப் படத்துப் பாட்டு?"

அவர் யோசித்தார். ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டில் மாட்டினார். ம்ம் என்று ஒரு திருப்பு, ம்ம் என்று இன்னொரு திருப்பு, ஹூஊம் என்று இறுக்கி ஓர் இழுப்பு. முகம் மலர்ந்தது. "படமும் இல்ல, பாட்டும் இல்லம்மா. நட்டு முடுக்கும்போது மூச்சு இப்படித்தான் வரும். அதுவே மெட்டா ஆகிப்போச்சு போல."

"அப்ப இது முழுக்க உங்களோடதா?"

"என் மூச்சும்மா. வேற யாரோடதா இருக்கும்?"

"இதை எங்க விளையாட்டுல வச்சுக்கட்டுமா? நாளைக்குக் கண்காட்சி."

"தாராளமா! பெரிய திரையில என் காக்காக் குரலா?" அவர் காதைத் தீட்டினார். "நடுவுல ஒரு வெடிச்சத்தம் வருதே, அதுவும் நானா?"

"இல்ல. அது தும்மலோட தும்மல்."

"அவன்கிட்ட கேட்டியா?"

"அவன் கேக்காமலே குடுப்பான்."

இருவரும் சிரித்தார்கள். பட்டாணி படிவத்தை எடுத்து முழங்கால்மேல் விரித்தாள். 'பாட்டு' என்பதற்கு நேரே, 'கேட்டீர்களா' கட்டத்தில் 'கேட்டேன், தந்தார்' என்று எழுதினாள். மூன்றாவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அவர் மறுபடி தகட்டுப் பக்கம் திரும்பியிருந்தார். பட்டாணி இருமவில்லை. படியைத் தட்டவும் இல்லை. எழுந்து போய் மஞ்சள் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"இன்னொண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்."

அவர் முனகலை நிறுத்தினார்.

"கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு ஒரு தடவை சொன்னீங்க. இந்தப் பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"எது கேட்டாலுமான்னு கேட்டேன்."

"எது கேட்டாலும்னு சொன்னேன்." அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. ஸ்பேனரை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். கையிலிருந்த மசகை முழுச் சட்டையிலும் துடைத்துக்கொண்டது அவருக்கே தெரியவில்லை.

பட்டாணி படிவத்தைத் திருப்பி, காலியாக இருந்த கட்டத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். அந்தச் சொல் தொண்டைவரை ஏறி வந்தது. இந்த முறை கதவு திறந்தது.

"இங்க 'அப்பா'ன்னு எழுதிக்கட்டுமா?"